மேட்லாப் 2014ஏ போதாதா? முப்பது நாள் இரண்டையும் ஓட்டிப் பார்த்தபின்

எங்கள் இயற்பியல் துறையில், நிரல் எழுதிக் கணக்குப் போடவும் படம் வரையவும் பயன்படும் மேட்லாப் மென்பொருளின் 2014ஏ பதிப்பு இருக்கிறது. நிரந்தர உரிமம் என்பதால் பணம் கட்டாவிட்டாலும் அது நின்றுபோகாது. பராமரிப்புச் சந்தா இருந்தால்தான் அடுத்தடுத்த பதிப்புகள் கிடைக்கும். அந்தச் சந்தாவை முதல் வருஷத்தோடு விட்டுவிட்டோம். பதினோரு வருஷம் அதுவே போதுமானதாக இருந்தது. இந்த வருஷம் புதுப்பிக்க வேண்டும் என்று நான் கடிதம் வைத்தபோது தாளாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஓடுறது நல்லாத்தானே ஓடுது மேடம், எதுக்கு மாத்தணும்?"

நியாயமான கேள்வி. இதற்கு விளம்பரத் தாளை நீட்டிப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதில் போட்டிருக்கும் புது வசதிகளில் முக்கால்வாசி எங்களுக்கு வேண்டாதவை. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு: இத்தனை வருஷமாக நான் எழுதி வைத்திருக்கும் நிரல்கள் புதியதில் என்ன ஆகும்? நிற்குமா, ஓடுமா, ஓடிவிட்டு வேறு விடை தருமா?

மேட்லாபுக்கு 30 நாள் இலவசச் சோதனை உண்டு. ஒரே கணினியில் பழையதையும் புதியதையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். ஒன்று மற்றொன்றைத் தொடாது. அப்படி வைத்துக்கொண்டு, என் கோப்புறையில் இருந்த 67 நிரல்களையும் இரண்டிலும் ஓட்டி, விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். அந்த நோட்டுப் புத்தகத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

என் வேலை என்ன என்று சொல்லிவிட்டால்தான் மற்றது புரியும். மிருதங்கத்தின் ஒலியை ஆராய்கிறேன். வெறும் வட்டமான தோலைத் தட்டினால் வரும் அதிர்வெண்கள் 1, 1.593, 2.136, 2.295 என்ற விகிதத்தில் ஒன்றோடொன்று ஒட்டாமல் போகும். காதுக்கு அது சத்தம்தான், ஸ்வரம் இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலது பக்கத் தோலில், கல்பொடியும் சோறும் பிசைந்து அடுக்கடுக்காகத் தேய்த்து வைக்கிறார்களே கரணை, அந்தக் கனம்தான் இந்த எண்களை 1, 2, 3, 4, 5 என்ற ஒழுங்குக்கு இழுத்துக்கொண்டு வருகிறது. 1920-லேயே சி.வி. ராமன் இதை 'நேச்சர்' இதழில் எழுதினார். 1934-ல் விரிவாக எழுதிய கட்டுரையில், தோலின் மீது மெல்லிய மணலைத் தூவி, எந்தக் கோடு அசையாமல் நிற்கிறது என்று படம் பிடித்தே காட்டினார். அவர் மணலில் பார்த்ததை நாங்கள் கணினியில் பார்க்கிறோம்.

பத்து வருஷத்துக்கு முன் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மூத்த கைவினைஞரின் பட்டறையில் உட்கார்ந்து, அவர் கரணை வைக்க வைக்க, ஒவ்வோர் அடுக்குக்கும் 'நம்' என்ற மிருதங்கச் சொல்லைத் தட்டச் சொல்லிப் பதிவு செய்தேன். அவர் இப்போது இல்லை. அந்தப் பதிவுகளைத் திறக்க முடியாமல் போகிற எந்த மாற்றமும் எனக்கு வேண்டாம் என்பதுதான் என் முதல் நிபந்தனை.

அந்த நிபந்தனையே முதல் நாளில் இடறியது. பதிவுகளைத் திறக்கும் அத்தனை நிரலும் முதல் வரியிலேயே நின்றன. நான் பயன்படுத்தியது ஒலிக் கோப்பைப் படிக்கும் 'வேவ்ரீட்' கட்டளை. அதை 2015பி பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலான 'ஆடியோரீட்' 2012பி-யிலிருந்தே இருக்கிறது. என் பழைய பதிப்பிலும் அது உண்டு. நான்தான் மாற்றாமல் விட்டிருந்தேன். பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்து எல்லாவற்றிலும் ஒரே மூச்சில் மாற்றினேன். பாதி ஓடின, பாதி மறுபடி நின்றன. காரணம், வேவ்ரீட் மூன்றாவதாக ஒரு விடையும் தரும்: ஒரு மாதிரிக்கு எத்தனை பிட் என்பது. ஆடியோரீட் அலையையும் மாதிரி வேகத்தையும் மட்டும்தான் தரும். பிட் வேண்டுமென்றால் 'ஆடியோஇன்ஃபோ'விடம் தனியாகக் கேட்க வேண்டும். ஒரு மாலைப்பொழுது வேலை. முடித்துவிட்டு அந்தப் பட்டறைப் பதிவைத் திறந்தேன். பழையதிலும் புதியதிலும் எண்கள் கடைசி இலக்கம் வரை ஒன்றாகவே இருந்தன. அன்று இரவுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்படி நின்றுபோகும் நிரல்களைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம் என்பேன். சிவப்பு எழுத்தில் வரி எண்ணோடு காட்டிவிடுகிறது. 2017பி-யிலிருந்து ஒரு கோப்புறை முழுவதையும் படித்து எங்கெங்கே பழைய பெயர்கள் இருக்கின்றன என்று பட்டியல் போட்டுத் தரும் 'கோட் கம்பாட்டிபிலிட்டி ரிப்போர்ட்' என்ற வசதியும் உண்டு. நான் அதை ஆறாம் நாள்தான் கண்டேன். முதல் நாளே ஓட்டியிருக்க வேண்டியது. படங்களை அவற்றின் எண்ணைப் பெயராக வைத்துச் சேமிக்கும் நிரல் நின்றது, ஏனென்றால் 2014பி-யிலிருந்து, நடப்பில் இருக்கும் படத்தைக் குறிக்கும் 'ஜிசிஎஃப்' என்பது வெறும் எண் இல்லை, ஒரு பொருள்; அதன் எண்ணைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். தந்தி அதிர்வதை ஓடவிட்டுக் காட்டும் பாட நிரலில், பழைய கோட்டை அழித்துப் புதியதை வரையச் சொல்லும் 'இரேஸ்மோட்' என்று ஒன்று இருந்தது, அதுவும் காலாவதி. இரண்டும் பத்துப் பத்து நிமிஷ வேலை.

நிற்காமல் ஓடிவிட்டு வேறு விடை தந்தவைதான் என்னை உட்கார வைத்தன.

முதலாவது, கரணை வைத்த தோலின் அதிர்வு வடிவங்களைக் கணக்கிடும் நிரல். அதிர்வெண்கள் இரண்டு பதிப்பிலும் ஒன்றே. படங்கள் வேறு. ஆய்வு மாணவரின் ஆய்வேட்டில் நேராக நின்ற கணுக்கோடு (தோல் அசையாமல் நிற்கும் கோடு), புதியதில் சாய்ந்து விழுந்திருந்தது. "எது மேடம் தப்பு?" என்று அவர் முகம் வெளிறிக் கேட்டார். ஆய்வேடு கொடுக்க இன்னும் சில மாதம்தான் இருக்கிறது, பாவம்.

இரண்டுமே சரி. வட்டமான தோலுக்கு எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று கிடையாது. அதனால் விட்டத்தின் வழியாகக் கணுக்கோடு போகும் வடிவங்கள் எப்போதும் ஜோடியாகத்தான் வரும். இரண்டுக்கும் ஒரே அதிர்வெண். அந்த ஜோடியை எந்தக் கோணத்துக்குத் திருப்பினாலும் சமன்பாடு ஒத்துக்கொள்ளும். எந்தக் கோணத்தைத் தருவது என்பதை உள்ளே இருக்கும் கணக்கு நூலகம் தன் வசதிப்படி முடிவு செய்கிறது. நூலகம் புதிதானால், ஏன், செயலி மாறினால்கூடக் கோணம் மாறலாம். நிஜ மிருதங்கத்தில் இதை முடிவு செய்வது வாசிப்பவரின் மோதிர விரல். 'நம்' வாசிக்கும்போது அந்த விரல் கரணையின் ஓரத்தில் பட்டும் படாமல் நிற்கும். கணுக்கோடு அந்த விரலைத் தேடிக்கொண்டு வரும். நான் பதினோரு வருஷமாக என் நிரலில் அந்த விரலை வைக்கவே இல்லை. பழைய நூலகம் தற்செயலாக நேர்கோட்டைத் தந்துகொண்டிருந்தது, நான் அதையே இயல்பு என்று எடுத்துக்கொண்டேன். இப்போது நாலு வரி சேர்த்து, விரல் இருக்கும் இடத்தைக் கொடுத்தால் கணுக்கோடு அதன் வழியே போகும்படி திருப்பிவிட்டேன். இரண்டு பதிப்பிலும் ஒரே படம் வருகிறது. இந்த ஒரு திருத்தத்துக்காகவே அந்த முப்பது நாளும் தகும்.

இரண்டாவதைக் கண்டுபிடித்தது மூன்றாம் வருஷ பி.எஸ்சி. மாணவி ஒருத்தி. செயல்திட்டத்துக்காகச் சோதனைப் பதிப்பில் உட்கார்ந்திருந்தாள். "மேடம், எரர் ஒண்ணும் வரல, படமும் வந்துடுச்சு. ஆனா ஸ்வரத்தையே காணோம்."

போய்ப் பார்த்தேன். ஒரு சைன் அலையை உண்டாக்கி, இரு ஓரங்களையும் மெல்லத் தேய்த்துவிடும் ஹான் சாளரத்தால் பெருக்கி, எந்தெந்த அதிர்வெண் இருக்கிறது என்று காட்டும் ஃபூரியே உருமாற்றம் எடுத்திருக்கிறாள். பாடத்தில் இருப்பதுதான். ஒரே ஒரு கூர்மையான முகடு வர வேண்டிய இடத்தில், சுழி அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் மேடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடக்கின்றன. அவள் நேரத்தைக் கிடைவரிசையாக எழுதியதால் அலையும் கிடைவரிசை. 'ஹான்' தருவதோ நெடுவரிசை. பழைய பதிப்பில் இந்த இரண்டையும் உறுப்புக்கு உறுப்பு பெருக்கச் சொன்னால் அங்கேயே நிறுத்தி, 'மேட்ரிக்ஸ் டைமென்ஷன்ஸ் மஸ்ட் அக்ரீ' என்று சிவப்பில் எழுதிவிடும். 2016பி-யிலிருந்து அது நிறுத்துவதில்லை. கிடையையும் நெடுக்கையும் விரித்துப் பெருக்கி ஒரு சதுர அணியாகக் கொடுத்துவிடுகிறது. அவள் எடுத்தது 2048 மாதிரிகள். 2048-க்கு 2048, சுமார் 33 எம்பி. இன்றைய கணினிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒவ்வொரு நெடுவரிசையும் அதே சாளரம்தான், அலையின் ஒரு புள்ளியால் பெருக்கப்பட்டது, அவ்வளவே. ஆகவே அவள் பார்த்த 2048 கோடுகளும் சாளரத்தின் உருமாற்றம். அலை அதில் இல்லவே இல்லை. ஸ்வரம் எங்கிருந்து தெரியும்?

இதையே அவள் ஒரு முழு வினாடிக்கு, 44,100 மாதிரிகளுக்குச் செய்திருந்தால் பதினைந்து ஜிபிக்கு மேல் நினைவகம் கேட்டு நிரல் நின்றிருக்கும், தப்பும் தெரிந்திருக்கும். சின்னதாக எடுத்ததால்தான் சத்தமில்லாமல் போனது.

மாற்றம் கெட்டது என்று சொல்லவரவில்லை. ஓர் அணியின் ஒவ்வொரு நெடுவரிசையிலிருந்தும் அதனதன் சராசரியைக் கழிக்க, முன்பு 'பிஎஸ்எக்ஸ்ஃபன்' என்று சுற்றி வளைக்க வேண்டியிருந்தது. இப்போது தாளில் எழுதுவதுபோல் கழித்தல் குறி போட்டால் போதும். நானே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதைச் செய்கிறேன். ஏற்கெனவே சரியாக ஓடிய பழைய நிரல் எதுவும் இதனால் கெடுவதும் இல்லை. முன்பு நின்றிருக்க வேண்டிய இடங்கள்தான் இப்போது நிற்காமல் போகின்றன. ஆனால் பாடம் நடத்துகிறவளாகச் சொல்கிறேன், அந்தச் சிவப்பு வரி எத்தனையோ பிள்ளைகளுக்குக் கிடைவரிசைக்கும் நெடுவரிசைக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிய வைத்திருக்கிறது.

அதற்கு மருந்தும் புதியதிலேயே இருக்கிறது. 2019பி-யில் 'ஆர்க்யுமென்ட்ஸ்' என்ற தொகுதி வந்தது. ஒரு செயல்கூறு எழுதும்போதே, எனக்கு வரும் அலை நெடுவரிசையாக இருக்க வேண்டும் என்று அதில் அறிவித்துவிடலாம். யாராவது கிடைவரிசையைக் கொடுத்தால் அதுவே நிமிர்த்தி வைத்துக்கொள்கிறது. அணியைக் கொடுத்தால் மறுத்துவிடுகிறது. அன்று மாலையே எங்கள் பொதுக் கோப்புறையில் இருந்த பன்னிரண்டு செயல்கூறுகளுக்கும் இந்த அறிவிப்பை எழுதிவிட்டேன். ஆகவே 2016, 2018 மாதிரி நடுவில் இருக்கும் ஏதாவது பதிப்பு யாரிடமாவது கிடைத்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பாடம் நடத்துவதற்கென்றால் 2019பி-க்குக் கீழே நிற்காதீர்கள்.

நிறங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழையதில் நிறமாலைப் படம் போட்டால் நீலத்திலிருந்து சிவப்பு வரை 'ஜெட்' நிறவரிசை வரும். 2014பி-யிலிருந்து இயல்பாக வருவது 'பருலா', கருநீலத்திலிருந்து மஞ்சளுக்கு. முதல் பார்வைக்குச் சோகையாகத்தான் தெரிந்தது. பிறகு இரண்டையும் ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பார்த்தேன். ஜெட்டில் உச்ச ஒலியும் கறுப்பு, ஒலியே இல்லாத இடமும் கறுப்பு. மிருதங்கம் எங்கே அடிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. பருலாவில் ஒலி கூடக் கூட வெளுத்துக்கொண்டே போகிறது. நூலகத்தில் இருக்கும் எங்கள் பழைய ஆய்வேடுகள் பலவும் கறுப்பு வெள்ளைப் பிரதிகள்தாம்.

இன்னொன்று, தமிழில் எழுதுகிறவர்களுக்கு. நான் நிரலுக்குள் குறிப்புகளைத் தமிழில் எழுத ஆசைப்படுவேன். பழைய பதிப்புகள் விண்டோஸில் கோப்பைச் சேமிப்பது அந்தக் கணினியின் வட்டாரக் குறியீட்டில். நம் ஊர்க் கணினிகளில் வழக்கமாக இருக்கும் குறியீட்டில் தமிழுக்கு இடமில்லை, எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். 2020ஏ-யிலிருந்து புதுக் கோப்புகள் இயல்பாகவே தமிழுக்கும் இடமுள்ள யுடிஎஃப்-8 குறியீட்டில். 'இங்கே மோதிர விரலின் இடம்' என்று தமிழில் எழுதி, மூடி, மறுநாள் திறந்து பார்த்தேன். அப்படியே இருந்தது. மாறிகளின் பெயர் இன்னும் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். குறிப்பு தமிழில் இருந்தாலே முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு அது பெரிய உதவி; வகுப்பில் கண்ணாரப் பார்க்கிறேன்.

இனி பணம். எங்களுக்கு விற்பனை செய்யும் முகவர் ஒருவரிடம் விலை கேட்டேன். பதினோரு வருஷத்துக்கு முன் வாங்கிய எல்லா டூல்பாக்ஸையும் (கூடுதல் கட்டளைத் தொகுப்புகளையும்) அப்படியே சேர்த்துக் கொட்டேஷன் அனுப்பிவிட்டார். மேட்லாபில் ஒவ்வொரு டூல்பாக்ஸுக்கும் தனி விலை என்பதை இதைப் படிக்கும் துறைத்தலைவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிரல்கள் எந்த டூல்பாக்ஸை உண்மையில் தொடுகின்றன என்று மேட்லாபே சொல்லும். 'ரிக்வயர்டு ஃபைல்ஸ் அண்ட் பிராடக்ட்ஸ்' என்று முடியும் கட்டளை, 2014ஏ-விலேயே இருக்கிறது. ஓட்டிப் பார்த்தேன். ஆப்டிமைசேஷன் எங்களுக்குத் தேவையே இல்லை. நாங்கள் பயன்படுத்தும் 'எஃப்மின்சர்ச்' அடிப்படைத் தொகுப்பிலேயே உண்டு. இமேஜ் புராசஸிங்கை வாங்கியதே 'இம்ஷோ'வுக்காக. அது இப்போது அடிப்படையில் இருக்கிறது. ஸ்டாடிஸ்டிக்ஸில் பாக்ஸ் படம் ஒன்றுதான் போட்டோம். 2020ஏ-யில் வந்த 'பாக்ஸ்சார்ட்' அதைச் செய்கிறது. ஹான், ஸ்பெக்ட்ரோகிராம், ஃபைண்ட்பீக்ஸ் மூன்றுக்காகவும் சிக்னல் புராசஸிங் மட்டும் கட்டாயம் வேண்டும். புதுக் கொட்டேஷன் பழையதில் பாதிக்கும் கீழே வந்தது. தாளாளர் மேசையில் கட்டளை தந்த பட்டியலையும் சேர்த்து வைத்தேன்.

எந்தப் பதிப்பு என்பது அடுத்த கேள்வி. 2006-லிருந்து வருஷத்துக்கு இரண்டு பதிப்பு, ஏ ஒன்று, பி ஒன்று. சந்தா உயிரோடு இருக்கும்போது புதியதைத்தான் நிறுவ வேண்டும் என்றில்லை, முந்தையவற்றையும் நிறுவிக்கொள்ளலாம். 2025ஏ-யில் முகப்பையே புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். இருண்ட பின்னணி வைத்துக்கொள்ளலாம், படங்கள் தாவல்களாக ஒரே சன்னலில் அடங்குகின்றன. விளக்கமும் நிரலும் படமும் கலந்து எழுதும் லைவ் ஸ்கிரிப்டை வெறும் உரைக் கோப்பாகவே சேமிக்க முடிகிறது. இரண்டு மாணவர்களின் கோப்புகளை வரிக்கு வரி ஒப்பிட அது மிக வசதி. எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பொத்தான் வைத்த திரைகளைக் கட்டும் பழைய கருவியான 'கைடு' அதில் இல்லை. மிருதங்கச் சொற்களைக் காதால் கேட்டு நம், தீம், சாப்பு என்று பெயர் குறிக்க நாங்கள் வைத்திருக்கும் திரை கைடில் கட்டியது. அது 2025ஏ-யிலும் ஓடும்; பொத்தான்களை இழுத்து வைத்துத் திருத்தத்தான் முடியாது, ஆப் டிசைனருக்கு மாற்ற வேண்டும். பதிவுகளில் பெயர் குறிக்கும் வேலை இன்னும் பாதி கிடக்கிறது. நடுவழியில் அந்தத் திரையைக் கலைக்க நான் தயாரில்லை. ஆகவே என் கணினியிலும் ஆய்வு மாணவரின் கணினியிலும் 2024பி.

மாணவர் ஆய்வகத்தில் இருக்கும் இருபது கணினிகளுக்கு நான் மேட்லாப் கேட்கவே இல்லை. அவற்றில் 4 ஜிபி நினைவகம்தான். இப்போதைய பதிப்புகளுக்கு 8 குறைந்தபட்சம், 16 இருந்தால் நல்லது. அங்கே, மேட்லாப் மொழியிலேயே நிரல் எழுத உதவும் குனூ ஆக்டேவ். இலவசம், வீட்டிலும் போட்டுக்கொள்ளலாம். எங்கள் பாடத்திட்டத்தின் பதினாறு பயிற்சிகளையும் அதில் ஓட்டிப் பார்த்தேன். 'சிக்னல்' பொதியை நிறுவிய பின் எல்லாம் ஓடின. கிடையையும் நெடுக்கையும் விரித்துப் பெருக்கும் வழக்கம் அதில் 2012-லிருந்தே உண்டு, எனவே ஸ்வரம் காணாமல் போகும் அந்தப் பயிற்சியை முதல் வாரத்திலேயே வேண்டுமென்றே வைத்துவிட்டேன். ஆர்க்யுமென்ட்ஸ் தொகுதியை மட்டும் அங்கே நம்பவில்லை; அலையை நெடுவரிசையாக்கும் வரியைப் பிள்ளைகளே கையால் எழுதுகிறார்கள்.

தாளாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார். பழைய பதிப்பை எடுத்துவிடலாமா என்று ஆய்வக உதவியாளர் கேட்டார். "ஆய்வேடு கொடுக்கிற வரைக்கும் இருக்கட்டும் அண்ணே, யாரும் தொட வேண்டாம்" என்றேன். "எழுதியே ஒட்டிடறேன் மேடம்" என்று போய், அந்தக் கணினியின் மானிட்டர் மேல் 2014ஏ, அழிக்காதீர் என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறார்.